பூட்டிய வீடுகளுக்கு நான் எழுதிய பதில்

போன வாரம் உங்கள் கணக்கெடுப்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தீர்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், நாம போற நேரத்துல வீடு பூட்டியிருந்தா என்ன செய்யறது?" என்று கேட்டாள். கையேட்டில் உள்ள பதிலை ஒப்பித்தேன். வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போக வேண்டும், ஒவ்வொரு வருகைக்கும் தேதியும் நேரமும் குறிக்க வேண்டும், அதற்குப் பிறகும் ஆள் இல்லையென்றால்தான் 'பூட்டிய வீடு' என்று எழுத வேண்டும். நீங்கள் எல்லோரும் குனிந்து குறித்துக்கொண்டீர்கள். எனக்கு முகம் காந்தியது. இதைச் சொல்ல உனக்கு என்னடி யோக்கியதை இருக்கிறது என்று என்னையே கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மதியச் சாப்பாடு இறங்கவில்லை. வகுப்பில் வாயால் சொல்ல முடியாததை எழுத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

உங்களுக்கு என்னைக் கறாரான ஆய்வாளர் என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். அந்தப் பெயர் எனக்குச் செய்யூரில் வந்தது. நெல் விளைச்சலைக் கணக்கிட, குலுக்கலில் விழும் எண்ணை வைத்து வயலில் ஓர் இடத்தைத் தேர்ந்து, நான்கு முளை அடித்து, அந்தச் சதுரத்தை மட்டும் அறுத்து எடை போடுவோம். அன்று எண் நல்ல பயிர் நின்ற பக்கம் விழுந்தது. "மேடம், அந்த மூலையில போடுங்க, அங்கதான் பயிரு சொத்தையா கீது. விளைச்சல் கம்மின்னு எழுதினாத்தான் இன்சூரன்ஸ் வரும்" என்று ஊரே சுற்றி நின்றது. என் ஸ்கூட்டி சாவியை ஒருவன் பிடுங்கி வைத்துக்கொண்டான். "சாவியை நீயே வெச்சுக்கோ, நான் பஸ்ல போறேன். முளை இங்கதான்" என்று சேற்றில் நின்றேன். இரண்டு மணி நேரம் நின்றேன். கடைசியில் அவர்களே அறுத்துக் கொடுத்தார்கள்.

அலுவலகத்தில் இந்தக் கதையை வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சொல்கிறேன், அதில் என் பெருமை ஒன்றும் இல்லை. எதிரில் பத்துப் பேர் நின்று மிரட்டினால் ரோஷம் வந்துவிடும், ரோஷமே பாதி வேலையைச் செய்துவிடும். யாரும் மிரட்டாதபோது, யாரும் பார்க்காதபோது, வெயிலும் கால் வலியும் மட்டும் இருக்கும்போது நான் எப்படிப்பட்டவள் என்பது வேறு ஓர் இடத்தில் தெரிந்தது.

முட்டுக்காட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம். நான் ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம் இருந்த சமயம் அது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பக்கம் எழுதி, அதைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. எத்தனை வீடு, யார் என்ன வேலை செய்கிறார்கள், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள், என்ன குறை என்று எல்லாம் அதில் இருக்கும். எங்கள் மேலதிகாரி நல்ல மனிதர். "அம்மா, அந்தப் பக்கத்தை வாசிச்சா, ஆமா இது எங்க ஊருதான்னு ஊர்க்காரங்க சொல்லணும். அப்பதான் அந்த நம்பருக்கு மரியாதை" என்றார். அந்த நம்பரை வைத்துத்தான் எந்த ஊருக்கு எந்த வசதி என்பதும் முடிவாகும். அதில் ஒன்று, வேலைக்குப் போகும் தாய்மார் அதிகம் உள்ள ஊருக்கு, விடியற்காலையிலேயே திறக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம்.

நான் குப்பத்துக்குப் போனபோது மணி பதினொன்று. என் மகள் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பேரனை ப்ளே ஸ்கூலிலிருந்து மூன்று மணிக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. அதனால் காலை வீட்டுவேலை முடித்து, பதினொன்றுக்குப் போய், ஒன்றரை மணி பஸ்ஸைப் பிடிப்பது என் வழக்கமாகிவிட்டது. கடற்கரையை ஒட்டிய தெருவில் வரிசையாகப் பூட்டு தொங்கியது. ஒரே ஒரு வாசலில் மட்டும் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. அதன் அரைஞாண் கயிற்றைத் தன் சுட்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். கடல் அங்கிருந்து ஐம்பது அடிதான்.

"இன்னாம்மா, கணக்கெடுக்க வந்துகீறியா?" என்றார். "பொம்பளைங்க எல்லாம் மீன் விக்கப் போயிகீறாங்க. எம் மருமவளும் வெடிகாலைல கூடையத் தூக்கிகினு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போயிட்டா. நாலு மணிக்கு மேல வா, எல்லாம் வூட்ல இருப்பாங்க. அவங்கவங்களே சொல்லுவாங்க."

"சரி பெரியவரே, சாயங்காலம் வரேன்" என்றேன்.

போகவில்லை. அன்றும் போகவில்லை, மறுநாளும் போகவில்லை. சாயங்காலம் போனால் பேரனை யார் பார்ப்பது?

சாலைக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து படிவங்களை மடியில் வைத்துக்கொண்டேன். அந்தப் படிவத்தின் அமைப்பு உங்களுக்கும் தெரியும். பெண் வேலைக்குப் போகிறாள் என்று எழுதினால், அடுத்து இரண்டு பக்கம் கேள்விகள் திறக்கும். எத்தனை மணிக்குப் போகிறாள், எதில் போகிறாள், எத்தனை நாள் போகிறாள், குழந்தையை யாரிடம் விடுகிறாள். அதற்கெல்லாம் அவள் வாயிலிருந்து பதில் வேண்டும். 'வீட்டு வேலை' என்று எழுதினால் படிவம் அங்கேயே முடிந்துவிடும். நான் முடித்துவிட்டேன். பெரியவர் வீட்டுக்கும், அந்தத் தெருவிலிருந்த பூட்டிய வீடு ஒவ்வொன்றுக்கும் 'வீட்டு வேலை' என்று எழுதினேன். மீன் விற்கப் போயிருக்கிறார்கள் என்று அந்தப் பெரியவர் சொன்னது காதில் இருக்கும்போதே எழுதினேன். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போட்டேன். வருகை விவரத்தில் முதல் தேதியை நீலப் பேனாவிலும் அடுத்த இரண்டைக் கறுப்புப் பேனாவிலும் எழுதினேன். வேறு வேறு நாளில் எழுதியதுபோல் தெரிய வேண்டுமே! அதைத்தான் இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை. இரண்டாவது பேனாவைப் பையில் தேடியெடுக்க எனக்குப் பொறுமை இருந்திருக்கிறது பாருங்கள்.

ஒரு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அவசரமாக வீட்டுக்கு ஓடினேன். ஓடுகிற அவசரத்தில் ஒரு தெரு முழுக்க வேலைக்குப் போகும் தாய்மாரை அழித்துவிட்டேன். என் மகளுக்கு நான் இருந்தேன். அவர்களுக்கு யார் இருந்தார்கள் என்ற கேள்வி அந்தத் திறக்காத இரண்டு பக்கத்தில் இருந்தது.

காப்பகம் ஜிஎஸ்டி சாலையில் கருங்குழிப் பக்கம் ஓர் ஊருக்குப் போனது. கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் அங்கே நிறைய. அவர்களுக்கும் தேவைதான், அவர்கள் யாருடையதையும் பிடுங்கவில்லை. ஆனால் குப்பம் அந்தப் போட்டியில் பெயருக்குக்கூட இல்லை. என் பட்டியலைப் பார்த்தால், அங்கே வேலைக்குப் போகும் பெண்ணே கிடையாது.

அப்புறம் கிராம சபை. பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஊராட்சிச் செயலர் ஒலிபெருக்கியில் ஊர்ப் பக்கத்தை வாசித்தார். "இவ்வூர் ஆண்கள் கடல் தொழில் செய்கின்றனர். பெண்கள் வீட்டு வேலையில் உள்ளனர்." முதலில் ஒரு சிரிப்பு எழுந்தது. பெண்கள் பக்கத்திலிருந்துதான். ஒருத்தி இன்னொருத்தியின் முதுகில் தட்டிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோய் ஒரு பெண் எழுந்தாள். கஸ்தூரி என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்தப் பெரியவரின் மருமகள் அவள்தான்.

"எவன் சார் எழுதினான் இத்த? நானு வெடிகாலைல அஞ்சு மணிக்குக் கூடையத் தூக்கிகினு போறேன், ரெண்டு மணிக்கு வரேன். என் புருசன் கடலுக்குப் போறது கண்ணுக்குத் தெரியுது, அவன் புடிச்சத விக்கிறது தெரியலியா? வயசான மனுசங்கிட்ட கொளந்தைய வுட்டுட்டு வவுத்துல நெருப்பக் கட்டிகினு போறேன். காப்பகம் கேட்டு மனு குடுத்தா, உங்க ஊர்ல யாரும் வேலைக்கே போவலன்றாங்க. நாங்க போவலயா? சொல்லு சார், நாங்க போவலயா?"

பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். வந்திருந்த பெரிய அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "யாரும்மா இந்த ஊர்க் கணக்கு எடுத்தது?"

நான் எழுந்தேன். 'நான்தான் சார், நான் திரும்பப் போகவில்லை' என்று சொல்ல வேண்டியது. ஐந்து நொடி வேலை. என் வாயிலிருந்து வந்தது வேறு.

"நான்தான் சார். வீட்ல இருந்தவங்க சொன்னதைத்தான் எழுதினேன்."

"யார் சொன்னது?"

படிவத்தைப் பிரித்து, பெயரை வாசித்து, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெரியவரைக் காட்டினேன். நாக்கூசாமல் காட்டினேன்.

அவர் எழுந்து நின்றார். என்னை உற்றுப் பார்த்தார். அவருக்கு என் முகம் ஞாபகம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. 'சாய்ந்தரம் வரச் சொன்னேனேம்மா' என்று கேட்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"நானா சொன்னேன்? அப்டியா சொன்னேன்?" என்றார். அப்புறம் என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். "எளுதிகீதுன்னா சொல்லிதான் இருப்பேன் போல. வயசாயிடுச்சி சார், நெனப்பு நிக்க மாட்டேங்குது."

"பெருசு ஊரையே கவுத்துடுச்சிப்பா!" என்று பின்னாலிருந்து ஒருவன் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரிகூடச் சிரித்தார். கஸ்தூரி சிரிக்கவில்லை. அவள் மாமனாரைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். பதிவைத் திருத்தும்படி எனக்கு உத்தரவாயிற்று. கூட்டம் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

அந்த மனிதருக்கு அதுவரை மறதி இல்லை, அதைப் புரிந்துகொள்ளுங்கள். விரலில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர், நான்கு மணிக்கு மேல் வா என்று தெளிவாகச் சொன்னவர். தன் ஞாபகத்தைவிட நான் எழுதிய காகிதத்தை அவர் நம்பினார். நம் காகிதத்துக்கு அவ்வளவு பலம் இருக்கிறது. அது எனக்குத் தெரியும், தெரிந்துதான் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்துத் திருத்தத்துக்குப் போனேன். இந்த முறை சாயங்காலம், ஒழுங்காக, வீடு வீடாக. கஸ்தூரி வீட்டில் உட்கார்ந்து அந்த இரண்டு பக்கக் கேள்விகளையும் கேட்டேன். வாரத்தில் எத்தனை நாள் சந்தைக்குப் போகிறாய் என்றேன்.

"இப்ப போவல யக்கா," என்றாள். "கொளந்தைய யாருகிட்ட வுடறது? மாமாகிட்ட வுட பயமா கீது. ஆபீசருங்ககிட்டயே ஒண்ணு கெடக்க ஒண்ணு சொல்ற ஆளு, கொளந்தைய எங்கனா வுட்டுட்டு மறந்துட்டாருன்னா? கடலு எம்மாந்தூரம் கீது பாரு. சந்தைல என் எடத்துல வேற ஒருத்தி குந்திட்டா. போனா போவுது, கொளந்த முக்கியம்."

குழந்தை அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பெரியவர் எதிர்ச் சுவரோரம் தனியாக உட்கார்ந்திருந்தார். குழந்தை அவரிடம் ஓடப் பார்த்தது. கஸ்தூரி சட்டென்று அதை இழுத்துக்கொண்டாள். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் மறுநாளே அந்தக் குழந்தை அவர் மடிக்குப் போயிருக்கும், கஸ்தூரி கூடையைத் தூக்கியிருப்பாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருத்தப் படிவத்தில் பிழைக்குக் காரணம் என்று ஓர் இடம் உண்டல்லவா, அதில் 'தகவல் அளித்தவர் தவறாகக் கூறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் எதிரிலேயே உட்கார்ந்து எழுதினேன். கூட்டத்தில் சொன்ன பொய்யைப் பதற்றம் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு என்ன பெயர் சொல்வது?

பென்ஷன் போய்விடும் என்று பயந்தேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பென்ஷன் போயிருக்காது. ஒரு மெமோ வந்திருக்கும், அதற்கு ஒரு விளக்கம் எழுதியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். செய்யூரில் சேற்றில் நின்றவள் என்ற பெயர் போய்விடுமே என்றுதான் பயந்தேன். என் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு மனிதரின் புத்தியை ஊர் நடுவில் அடகு வைத்தேன்.

திருத்திய பட்டியலால் அடுத்த வருடம் குப்பத்துக்கும் ஒரு காப்பகம் வந்தது. திறப்பு விழாவில் என் பெயரைச் சொல்லி மேடையில் கைத்தட்டினார்கள், துண்டு போர்த்தினார்கள். வாங்கிக்கொண்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன், எதற்கு மிச்சம் வைப்பது.

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆனபிறகுதான் தைரியம் வந்தது. அதைத் தைரியம் என்று சொல்வதா, இனி யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்ற தெம்பு என்று சொல்வதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். நடந்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதினேன். 'பெரியவர் சரியாகவே சொன்னார், பிழை என்னுடையது' என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். ஒரு சாயங்காலம் எடுத்துக்கொண்டு போனேன்.

கஸ்தூரி வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சந்தையில் இடம் திரும்பக் கிடைக்கவில்லையாம், தெருத் தெருவாகக் கூடை சுமந்து விற்கிறாள். குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. தாளைக் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். மெதுவாகப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"இத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே யக்கா," என்றாள். குரல் உயரவே இல்லை, உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எம் மாமன எம்மாந்தடவ திட்டிகீறேன் தெரியுமா? ஒரு நாளு தெரியாம கொளந்தயத் தூக்கிட்டாருன்னு கையப் புடிச்சி உதறிகீறேன். உனக்குப் புத்தி கெட்டுப்போச்சு, தொடாதன்னு. தெருச் சண்ட மாதிரி கத்திகீறேன். அவரு ஒரு வார்த்த எதிர்த்துப் பேசல."

"என்கிட்ட மன்னிப்பு கேக்காத," என்றாள் பிறகு. "அவருகிட்ட போய்ச் சொல்லு."

அவர் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். கஸ்தூரி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தாளை அவருக்கு வாசித்துக் காட்டினாள். நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் உட்காரத் தோன்றவில்லை.

"பெரியவரே, நீங்க அன்னிக்கு எல்லாம் சரியாத்தான் சொன்னீங்க," என்றேன். "சாயங்காலம் வரச் சொன்னீங்க. நான்தான் வரல. உங்களுக்கு மறதியே இல்ல. இந்தத் தாளை வெச்சுக்கோங்க, யார் கேட்டாலும் காட்டுங்க."

அவர் தாளை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். கஸ்தூரியைப் பார்த்தார். பிறகு, விருந்தாளியைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பதுபோல் லேசாகச் சிரித்துக்கொண்டே அதை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"நீயே வெச்சுக்கம்மா," என்றார். "இப்ப நெசமாவே மறந்துதான் போவுது."